அறையின் சத்தம்

வானொலி நிலையத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஒரு நிமிஷம்'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள், அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. போர் நடக்கும் ஊர்களுக்குப் போய்ப் பேட்டி எடுத்து அனுப்புவது அவள் வேலை. யாரிடம் பேட்டி எடுத்தாலும், பேசி முடித்து எல்லோரும் அப்பாடா என்று எழுந்திருக்கும் நேரம் பார்த்து, "ஒரு நிமிஷம், யாரும் அசையாதீங்க, பேசாதீங்க" என்பாள். பிறகு மைக்கை நடு அறையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்பாள். மந்திரியானாலும் சரி, மாடு மேய்ப்பவரானாலும் சரி, அந்த ஒரு நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அது பைத்தியக்காரத்தனம் இல்லை, தொழில். பேச்சை வெட்டி ஒட்டும்போது, வெட்டிய இடங்களில் பின்னணி துண்டு துண்டாகத் தெரியும். ஓர் அறையின் அமைதி மற்ற அறையில் இருக்காது. ஒன்றில் ஃபேன் முனகும், ஒன்றில் குழாய் சொட்டும். அதே அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிந்து, பேச்சுக்கு அடியில் பாய் விரிப்பதுபோல விரித்துவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியாது. கேட்பவர்களும் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். இந்த வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் நிகழ்ச்சி தொடங்குவதே அப்படித்தான்: "வணக்கம். நான் இருக்கும் இடத்தில் இப்போது என்ன கேட்கிறது என்று கேளுங்கள்." வீட்டில் அவள் மகள் வானொலியோடு சேர்ந்து அந்த வரியை அப்படியே அம்மாவின் குரலில் ஒப்பிப்பாளாம். கணவன் போனில் சொல்வான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரிப்பு அடங்குவதற்குள் போனை வைத்துவிடுவான்.

அவள் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த வித்தைதான் அன்றைக்கு ஒருத்தியின் கழுத்துக்குக் கயிறாக வந்து நின்றது.

மதியம். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ரோட்டில் டிரைவர் அண்ணன் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். நிவாரண முகாமில் வேலை முடிந்து இருவரும் ஓட்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாய் ஓயாத மனிதர் அவர். குழியில் விழுந்தாலும் பேசுவார், குண்டு விழுந்தாலும் பேசுவார். ரேடியோவைத் திருப்பியபோது மதியச் செய்தியில் அவள் அனுப்பியிருந்த பேட்டியிலிருந்து ஒரு துண்டு ஓடியது. முழுப் பேட்டியும் மாலை நிகழ்ச்சியில் வரும் என்றார்கள். மெஷினில் போட்டுத் தடிப்பாக்கிய ஒரு பெண்குரல் பேசியது.

"கித்தான் துணியில நீளமா பை தைக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு நாங்க கேட்கலை. அளவைச் சொன்னா உள்ளே வரப்போற ஆள் எவ்வளவு பெரிசுன்னு தையல்காரிக்குத் தெரியாதா? முதல்ல எல்லாம் ஒரே அளவு. ஒரு நாள் சின்ன அளவு கேட்டாங்க. இவ்வளவுதானான்னு கேட்டேன். இவ்வளவுதான்னாங்க."

டிரைவர் அண்ணன் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அவருக்கு அதுவே பெரிய விஷயம். பிறகு மனசை லேசாக்கிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

"என்ன தங்கச்சி, நம்ம இருமல் தாத்தாவையும் பேட்டி எடுத்துட்டீங்க போலிருக்கு?"

"யாரு அது?"

"ரொட்டிக்கடை மாவு மெஷினைச் சொல்றேன். அந்தம்மா பேசறப்போ பின்னாடி கேட்குதே. லொக்கு லொக்கு லொக்கு, அப்புறம் கிறீச்சுன்னு ஒரு இழுப்பு. இந்த ஊர்ல வேற எந்த மெஷின் இப்படி இருமும்?"

அவள் சட்டென்று ரேடியோவை அணைத்தாள்.

பேசியவள் ஒரு தையல்காரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் யாரையும் அடைத்து வைக்கவில்லை என்று ராணுவம் சாதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஊரிலிருந்த தையல்காரிகள் அத்தனை பேரையும் இழுத்துப் போய்ப் பை தைக்க வைத்தார்கள். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. இவளும் முதலில் வந்த ஆண் நிருபர்களிடம் கதவைச் சாத்தியவள்தான். "அவங்க எல்லாரும் எத்தனை பேர், எத்தனை பேர்னு கேட்டாங்க. நீங்கதான் என்ன துணின்னு கேட்டீங்க" என்று சொல்லி நிருபரை உள்ளே விட்டாள். பேசுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை. தான் யார் என்று தெரியக் கூடாது. "உங்களைப் பெத்த அம்மா கேட்டாலும் உங்க குரல்னு தெரியாது" என்று நிருபர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

குரலை மாற்றினாள். பெயரைச் சொல்லவில்லை. தெருவைச் சொல்லவில்லை. தையல்காரியின் வீட்டுக் கூரை போன மாதம் போய்விட்டது, இப்போது அக்கா புருஷனுடைய ரொட்டிக்கடைக்குக் கீழே நிலவறையில் இருக்கிறாள் என்பதை மூச்சுவிடவில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள், கடைசியில் பழக்கதோஷத்தில் அறையின் சத்தத்தை எடுத்து அடியில் விரித்துவிட்டாள்.

அதுவும் பேட்டி நடந்தபோது கரண்ட் இல்லை. பேச்சு சுத்தமாக விழுந்திருந்தது. முடிந்து, "ஒரு நிமிஷம்" என்று மைக்கை நீட்டியபோதுதான் கரண்ட் வந்து, தலைக்கு மேலே மெஷின் இருமத் தொடங்கியது. ஓட்டல் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபோது அந்த இருமல் அவளுக்குப் பிடித்திருந்தது. சாவைப் பற்றி ஒருத்தி பேசுகிறாள், மேலே யாரோ மாவு பிசைகிறார்கள். ஆகா, என்ன அழகு என்று நினைத்தாள். தன் முதுகில் தானே தட்டிக்கொடுக்காததுதான் பாக்கி. அந்த ஊரில் திறந்திருந்த ஒரே ரொட்டிக்கடை அது. ஊர் முழுக்கத் தினமும் அந்த மெஷினைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறது. ராணுவமும் நிற்கிறது. டிரைவர் அண்ணனுக்கு உடனே தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?

ஓட்டலுக்கு ஓடினாள். மாலை நிகழ்ச்சியையாவது நிறுத்தச் சொல்ல வேண்டும். வரவேற்பில் இருந்தவர் போனைத் தூக்கி அவள் காதருகே பிடித்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"மதியத்துக்கு முன்னாடியே லைன் செத்துப்போச்சுங்க. நாளைக்கு வரும்னு சொல்றாங்க. போன தடவை செத்தப்பவும் அதையேதான் சொன்னாங்க."

அவள் திரும்பி டிரைவர் அண்ணனைப் பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு போய்விட்டிருந்தது. நடந்தது என்னவென்று அவருக்கும் விளங்கிவிட்டது. "ஏறுங்க" என்றார்.

ரொட்டிக்கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் பாலம், பாலத்தில் சோதனைச் சாவடி. அவளிடமிருந்த அனுமதிச் சீட்டு ஒரு பெண் நிருபருக்கும் ஒரு டிரைவருக்கும். போகும்போது எத்தனை தலையோ வரும்போதும் அத்தனை தலை. டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள், இருக்கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். தையல்காரியை எப்படிக் கூட்டி வருவது என்று யோசித்தாள். யோசனை ஓடவில்லை. பயந்தால் மூளை முதலில் லீவு போட்டுவிடுகிறது.

சாவடியில் நின்ற சிப்பாய்க்கு அவளைத் தெரியும். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் பாதி கடித்த ரொட்டி. மணல் மூட்டைமேல் ஒரு ரேடியோ.

"வாங்க வாங்க, ரேடியோ அம்மா. இப்பத்தான் உங்க சரக்கைக் கேட்டோம். சும்மா சொல்லக் கூடாது, பொய்யைக்கூட நல்லாத்தான் சொல்றீங்க."

அவள் சிரித்து வைத்தாள்.

"ஆனா ஒண்ணு. அந்தம்மா பேசறப்போ பின்னாடி ஏதோ ஒரு சத்தம் வருது. எங்கேயோ கேட்ட சத்தம். அப்போ புடிச்சு மண்டையைக் குடையுது. நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது."

"ஜெனரேட்டரா இருக்கும்."

"ஜெனரேட்டர் இல்லை. எனக்குத் தெரியாதா ஜெனரேட்டர்?" ரொட்டியைக் கடித்தான். மென்றுகொண்டே கண்ணை மூடி யோசித்தான். அவன் கையிலிருந்த ரொட்டியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் விழுங்குவதற்குள் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று தோன்றியது. பையைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சிப்பாய் கண்ணைத் திறந்தான். பார்வை அவளுடைய கவச உடுப்பில் விழுந்தது. குண்டு துளைக்காத அந்த உடுப்பைச் செய்தவர்கள் பெண் என்று ஒரு பிறவி இருப்பதையே நினைத்துப் பார்க்காதவர்கள். அவள் போட்டால் தோளிலிருந்து தொங்கும், குனிந்தால் தாடையில் இடிக்கும். பேட்டி எடுக்கப் போன அன்று அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தையல்காரி, "இதைப் போட்டுக்கிட்டு எப்படி ஓடுவீங்க? கழட்டுங்க" என்று வாங்கி, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதால் சிவப்பு நூல். சிப்பாய் துப்பாக்கி முனையால் அந்தச் சிவப்பைத் தொட்டான்.

"இது புதுசா இருக்கே. யார் தைச்சது?"

"நான்தான்."

"அட! தையலும் தெரியுமா? உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்." சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். "சீக்கிரம் திரும்பிடுங்க. இருட்டினா பாலத்தை மூடிடுவோம்."

கார் நகர்ந்தது. பாலம் முடியும்வரை அவள் மூச்சு விடவில்லை.

ரொட்டிக்கடை வாசலில் வரிசை நின்றது. உள்ளே மெஷின் இருமிக்கொண்டிருந்தது. லொக்கு லொக்கு லொக்கு, கிறீச். அழகு என்று நினைத்த சத்தம் இப்போது தெருமுனை வரை காட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றது. ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு பின்கதவைத் திறந்தார்.

"மதியம் நானும் கேட்டேன்" என்றார், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "மெஷினை நிறுத்திடலாமான்னு பார்த்தேன். நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு வந்து நிப்பாங்க."

"உங்களையும் சேர்த்து..."

"என்னை விடுங்க. ரொட்டி சுடறவனை எவனும் சுட மாட்டான். நாளைக்கு எதைத் தின்னுவான்?" சொன்னவர் சிரிக்கவில்லை. "அவளை எப்படியாவது கூட்டிட்டுப் போங்க."

நிலவறையில் தையல்காரி ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். இங்கே கரண்ட் போகும் வரும் என்பதால் காலால் மிதிக்கும் பழைய மெஷின். கழுத்தில் அளவு நாடா. அவளிடம் ரேடியோ இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. நிருபர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தையல்காரி கத்துவாள், அழுவாள், கன்னத்தில் ஓர் அறை விடுவாள் என்று நினைத்தாள். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா கேட்டாலும் தெரியாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றாள் தையல்காரி.

அதற்குமேல் அவளைப் பார்க்க முடியவில்லை. பார்வையைத் தாழ்த்தியபோது தன் உடுப்பின் சிவப்பு நூல் கண்ணில் பட்டது. சிப்பாய்க்கும் அந்தச் சிவப்பு நூல் தெரியும். முகத்தை யார் பார்த்தார்கள்? தலைக்கவசம், தூசுக்காக மூக்குவரை கட்டிய துணி, கறுப்புக் கண்ணாடி, இதெல்லாம் போட்டால் ஒரு பெண் நிருபர். அவ்வளவுதான் அவர்களுக்கு. இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

யோசனை வந்ததும் அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "நீங்க இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. நான் இங்கே இருக்கேன். என்னைக் கூட்டிட்டுப் போக அண்ணன் காலையில ஏதாவது வழி பண்ணுவார்."

சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடு, வேண்டாம் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அவளுக்கு வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள்.

தையல்காரி அவளையே பார்த்தாள். மனசைப் படித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. "வேணாம்னு சொல்லணும்தான். எனக்கு அந்தத் தைரியம் இல்லைக்கா" என்றாள். "எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

உடுப்பு மாறியது. தையல்காரியின் சாயம் போன உடுப்பில் எண்ணெய் வாசனையும் மாவு வாசனையும் இருந்தன. கவசத்தைப் போட்டுக்கொண்ட தையல்காரி, இந்த நேரத்திலும் பக்கவாட்டை இழுத்துப் பார்த்தாள். "உங்க உடம்புக்குப் பிடிச்சுத் தைச்சது. எனக்குக் கொஞ்சம் இறுக்குது." அனுமதிச் சீட்டு, பை, பைக்குள் ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் கை மாறின.

"அண்ணே, பாலத்துல நீங்கதான் பேசணும். இவங்க வாயைத் திறக்கவே கூடாது. என் குரல் அவங்களுக்குத் தெரியும்."

"பேசறதுதானே? அதை எங்கிட்ட விடுங்க. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு, ரெண்டு நாளைக்கு ரேடியோவுக்கு லீவுன்னு சொல்லிடறேன்." கனைத்துக்கொண்டார். "பாலம் தாண்டிட்டா நேரா முகாம். மாலை நிகழ்ச்சிக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவோம். நீங்க ரேடியோவுல வணக்கம் சொல்றதை அங்கே உட்கார்ந்து கேட்பேன், போதுமா தங்கச்சி?"

"அதுவரைக்கும் யார் வந்தாலும் நான் பேச மாட்டேன். நான் இங்கே இருக்கறது தெரிஞ்சா, காருக்குள்ளே யார்னு தெரிஞ்சுடும்."

தையல்காரி படியேறியவள், இறங்கி வந்து தன் கழுத்து நாடாவை எடுத்து அவள் கழுத்தில் போட்டாள். "மெஷின் முன்னாடி உட்கார்ந்துக்கோங்க. தலையைத் தூக்காதீங்க. தைக்கிறவ முகத்தை எவனும் பார்க்கறதில்லை."

கதவு மூடியது. கார் கிளம்பும் சத்தம் மெஷின் இருமலில் மறைந்தது.

எத்தனை பயந்த மனிதர்களின் முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள்! பயத்தைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தாள். அப்போதெல்லாம் அவள் கையில் மைக் இருந்தது, பையில் சீட்டு இருந்தது, வெளியே கார் நின்றது. இப்போது ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி, ஒரு தையல் மெஷின், சுவரோரம் மாவு மூட்டைகள், தரையில் ஒரு படுக்கை. சுவர்க் கடிகாரம்கூட இல்லை. நேரம் தெரிய வழியில்லை. மேலே லொக்கு லொக்கு லொக்கு. இருமல் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவர்கள் வந்தபோது இருமல் நிற்கவில்லை. அதனால் பூட்ஸ் சத்தம் படிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும். பாலத்துச் சிப்பாய் அவர்களில் இல்லை. அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. கார் பாலம் தாண்டுவதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? தெரியவில்லை. ஒரு சிப்பாயின் இடுப்பில் கம்பியில்லாக் கருவி கரகரத்தது. அதில் அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாலம் மூடிவிடும்.

அதிகாரியின் கையில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருமலைக் கேட்டார்.

"நல்லா கேட்குது" என்றார். கோபமே இல்லாத குரல். "உன் பேர் என்னம்மா?"

அவள் தலையைத் தூக்கவில்லை.

படியில் நின்ற ரொட்டிக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "அது என் கொழுந்தியா சார். பேச மாட்டா. கூரை விழுந்த அன்னைக்கு வாயடைச்சுப் போச்சு."

"அப்படியா? பாவம்." அதிகாரி மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். "தையல்காரிதானே? கையுமா அடைச்சுப் போச்சு?" தன் மேல்சட்டையைக் கழற்றி மெஷின்மேல் போட்டார். பாக்கெட் ஓரம் கிழிந்திருந்தது. "இதைத் தைச்சுக் குடு."

பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் ஊசியைத் தொலைத்துவிட்டு வெளியே நின்ற பெண் அவள். அறுந்த பட்டனைக்கூட வீட்டில் கணவன்தான் தைப்பான். பாலத்தில் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. சட்டையை ஊசிக்கு அடியில் தள்ளினாள். காலை வைத்து மிதித்தாள். சக்கரம் பின்பக்கம் சுற்றியது, நூல் அறுந்தது. நூலைக் கோக்கப் போனாள். நுனி ஊசியின் காதுக்குள் போகவே மாட்டேன் என்றது. அறையில் எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். கடைசியில் எப்படியோ கோத்து மறுபடி மிதித்தபோது, ஊசி சுட்டுவிரல் நகத்தின் வழியாக இறங்கியது.

கண்ணுக்குள் வெளிச்சம் வெடித்தது. அம்மா என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். நாக்கில் உப்புக் கரித்தது. பாலத்தில் வரிசை நீளமாக இருந்தால்? கார் இன்னும் அங்கேயே நின்றால்? பேசாதே. ஒரு நிமிஷம், யாரும் பேசாதீங்க. எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறாள்! சக்கரத்தைக் கையால் திருப்பி, விரலை விடுவித்துக்கொண்டாள். சட்டையில் ரத்தம் வட்டமாக ஊறியது.

"தையல்காரிக்குத் தைக்கத் தெரியலையே" என்றார் அதிகாரி மெதுவாக.

படியில் ரொட்டிக்கடைக்காரரின் மூச்சு கேட்டது.

"நீ யாரு?"

அவள் ரத்தம் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிப்பாய் துப்பாக்கியின் பின்பக்கத்தால் அவள் தாடையை நிமிர்த்தினான். அதிகாரி முகத்தைப் பார்த்தார். பார்த்த முகம் இல்லை. ரேடியோவில் முகம் வராது.

"வாயைத் திறக்க வைக்கலாமா சார்?" என்றான் சிப்பாய்.

"அவசரப்படாதே. நிகழ்ச்சி வரட்டும். அதுல அந்தப் பொம்பளை பேசறதையும் கேட்போம், இதையும் பேச வைப்போம். ரெண்டும் ஒண்ணான்னு பார்த்துடலாம்."

ரேடியோவைத் திருகி மெஷினின் பலகைமேல் வைத்தார், அவளுக்கு முன்னால். ஏதோ விளம்பரம் ஓடியது. யாரோ சோப்பு வாங்கச் சொன்னார்கள். மதியம் எந்த நிகழ்ச்சியை நிறுத்த முடியாமல் தவித்தாளோ, அது வந்துவிடக் கூடாதா என்று இப்போது அதே அளவுக்குத் தவித்தாள். வந்துவிட்டால் டிரைவர் அண்ணன் முகாமில் இருக்கிறார். வந்துவிட்டால் வாயைத் திறக்கலாம். திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. நிருபரை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஓட்டலில் பேசிக்கொள்வார்கள். அது ஓட்டலில் பேசிக்கொள்வது. சிப்பாயின் இடுப்பில் கருவி ஒரு தடவை கரகரத்தது. பேசியது என்ன என்று புரியவில்லை. அடங்கிவிட்டது. சோப்பு விளம்பரம் முடிந்தது. பயம் அப்படியேதான் இருந்தது. விரல் விண்விண் என்று தெறித்தது.

ரேடியோவில் அவள் குரல் வந்தது.

"வணக்கம்."

வீட்டில் இந்நேரம் மகள் ரேடியோ முன்னால் நின்றிருப்பாள். அவள் தலையை நிமிர்த்தினாள். ரேடியோவோடு சேர்ந்து, ஒரு சொல்லும் பிசகாமல், ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தக் குரலில் சொன்னாள்.

"நான் இருக்கும் இடத்தில் இப்போது என்ன கேட்கிறது என்று கேளுங்கள்."

அதிகாரி ரேடியோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். துப்பாக்கி அவள் தாடையிலிருந்து தானாக இறங்கியது. ரேடியோவிலும் தலைக்கு மேலேயும் மெஷின் சேர்ந்து இருமியது. அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.